பாட்டு நம்மளுது, பத்திரம் யார் பேர்ல?

மதுரைல இருந்து ஒரு தம்பி போன மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணான். மெட்டு அவனுது, வரி அவனுது, ஃப்ரெண்டு வீட்டு மாடி ரூம்ல வச்சு ரெக்கார்டிங்கும் முடிச்சாச்சு, இப்ப ஒரு ஆடியோ கம்பெனி 25,000 ரூபா தரோம்னு சொல்லி ஏழு பக்கத்துக்கு ஒரு அக்ரிமென்ட் அனுப்பிருக்காங்க. "அண்ணே, கைல ஒரு 5,000 இருக்கு, காப்பிரைட் ரெஜிஸ்டர் பண்ணிட்டு கையெழுத்து போடட்டுமா, இல்ல பாட்டு ஓடுற இடத்துல காசு வசூல் பண்ணிக் குடுக்குற ஐபிஆர்எஸ்ல சேந்துரட்டுமா, இல்ல இவங்களே வேணாம்னு நானே யூடியூப்ல ஏத்திட்டா பாட்டு சேஃபா இருக்குமா"ன்னு ஒரே மூச்சுல கேட்டான். பாட்டு எழுதுற முக்காவாசி பேரு இத இப்படித்தான் கேக்குறாங்க, ஒண்ணு பண்ணிட்டா இன்னொண்ணு தேவையில்லன்னு நினைச்சுக்கிட்டு. ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற வேலை செய்யுற சாமான். அவன்கிட்ட ரெண்டு மணி நேரம் பேசினத இங்க எழுதி வைக்கிறேன், எல்லாமே இந்தியச் சட்டத்த வச்சுதான்.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, உரிமைங்கிறது யாரும் கொடுத்து வர்றது இல்ல. 1957 காப்பிரைட் சட்டப்படி நீங்க வரிய நோட்ல எழுதி முடிச்சாலே, மெட்ட போன்ல பாடி பதிஞ்சாலே அது உங்களுது, ஒரு பைசா கட்ட வேண்டாம், ஒரு ஆபீஸ் ஏற வேண்டாம். அது உங்க ஆயுசு முழுக்கவும், அதுக்கப்புறம் 60 வருஷமும் இருக்கும். நா. முத்துக்குமார் 2016 ஆகஸ்ட்ல போயிட்டாரு, அவர் எழுதின வரிங்களுக்கு காப்பிரைட் 2076 டிசம்பர் 31 வரைக்கும் உயிரோட இருக்கும், அது இன்னிக்கு யார் கைல இருந்தாலும் சரி. "யார் கைல இருந்தாலும்"ங்கிற இடத்துலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க, அதுக்கு கடைசில வரேன்.

இன்னொண்ணு, நாம "என் பாட்டு"ன்னு ஒத்தையா சொல்றது சட்டத்துல மூணு சொத்து. வரி தனி, மெட்டு தனி, பதிவான ஆடியோ தனி. மெட்டுன்னு சட்டம் சொல்றதுல வரி சேராதுன்னு பிரிவு 2லயே தெளிவா போட்ருக்கு. பதிவான ஆடியோவுக்கு சொந்தக்காரர் அத முன்னெடுத்து பொறுப்பெடுத்து பதிய வச்சவரு, பாடினவரு இல்ல, எழுதினவரும் இல்ல. அதனால தம்பிகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, ரெக்கார்டிங் செலவு யாருது, பாட்டுக்கு அடில ஓடுற பேஸ் லைன் யார் போட்டதுன்னுதான். "ஃப்ரெண்டு போட்டான், மைக்கும் அவனுது, காசெல்லாம் பேசிக்கல அண்ணே"ன்னான். அப்ப கம்பெனிக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இந்த வீட்டுக்குள்ள ஒரு பாகப்பிரிவினை பாக்கி இருக்கு.

சரி, ஒவ்வொண்ணா பாப்போம். செலவே இல்லாத வழிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நான் அடி வாங்கினது அங்கதான். 2018ல ஒரு ஷார்ட் ஃபிலிம் குரூப்புக்கு ஒரு பல்லவியும் மெட்டும் போட்டு வாட்ஸாப்ல வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். படம் நின்னுபோச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு டீக்கடைல நிக்கிறேன், லோக்கல் சேனல்ல ஒரு கடை விளம்பரம் ஓடுது, அதே மெட்டு, பல்லவியோட ரெண்டாவது வரி ஒரு வார்த்தை மாறாம அப்படியே. கை நடுங்கிருச்சு. வக்கீல்கிட்ட போனா அவங்க கேட்டது ஒரே கேள்வி, "இது எப்ப போட்டது, அத எதை வச்சு காட்டுவீங்க?" நடுவுல போன் மாத்திட்டேன், பேக்கப் எடுக்கல, வாய்ஸ் நோட்டு போச்சு. கைல இருந்தது ஒரு நாப்பது பக்க ரூல்டு நோட்டு. பல்லவி எழுதின பக்கத்துல தேதி கிடையாது, ஆனா ஓரத்துல அம்மா எழுதின பால் கணக்கு இருந்துச்சு, 3ந் தேதி ஒண்ணு, 4ந் தேதி ஒண்ணரைன்னு, எந்த மாசம்னு இல்ல. வக்கீலம்மா அந்த பக்கத்த ரொம்ப நேரம் பாத்துட்டு, "இது உங்களுதுன்னு நான் நம்புறேன், ஜட்ஜ் நம்பணுமே"ன்னாங்க. விட்டுட்டேன். இன்னும் அந்த விளம்பரம் நினைப்பு வந்தா வயிறு எரியும்.

அதனால சொல்றேன், தேதியோட கூடின ஆதாரம் சும்மா கிடைக்குது, அத விடாதீங்க. நம்ம ஊர்ல பழைய பழக்கம் ஒண்ணு, பாட்ட எழுதி கவர்ல போட்டு ஒட்டி தனக்குத்தானே ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பி பிரிக்காம பீரோவுல வைக்கிறது. எங்க சீனியர்ஸ் நிறைய பேர் இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க. இது எதுக்கும் உதவாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரொம்ப பலவீனம். ஒட்டாத கவர அனுப்பிட்டு பின்னாடி உள்ள பேப்பர வச்சு ஒட்டிருக்கலாமேன்னு எதிர் வக்கீல் ஒரு வார்த்தை கேட்டா போச்சு, அதோட கவர ஒரே ஒரு தடவைதான் பிரிக்க முடியும். இந்த ரெஜிஸ்டர் தபாலையே 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க. இதுக்கு பதிலா மெயில் எவ்வளவோ மேல். டெமோ ஆடியோ, வரி, புரோகிராமிங் பண்ண ஃபைல் எல்லாத்தையும் உங்களுக்கும் நம்பிக்கையான இன்னொருத்தருக்கும் மெயில்ல அனுப்புங்க, தேதி உங்க கைல இல்ல, சர்வர்ல இருக்கு. 2024 ஜூலை 1லேர்ந்து பழைய எவிடன்ஸ் ஆக்ட் போயி பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துருச்சு, அதுல பிரிவு 63 படி டிஜிட்டல் ஆதாரம் குடுக்கும்போது ஒரு சர்டிஃபிகேட்டும் சேத்துக் குடுக்கணும், அதுல ஃபைலோட ஹேஷ் வேல்யூ கேக்குறாங்க. ஹேஷ்னா ஃபைலோட கைரேகை மாதிரி, ஒரு நொடி ஆடியோவ வெட்டினாலும் அது மாறிடும். அதனால ஒரிஜினல் ஃபைல திரும்பத் திரும்ப எடிட் பண்ணி சேவ் பண்ணாம ஒரு காப்பிய தொடாம வைங்க. அரைகுறை டெமோ, தத்தகாரத்துல பாடினது, அடிச்சுத் திருத்தின வரி இதையெல்லாம் அழிச்சிடாதீங்க. முடிஞ்ச பாட்டு யார்கிட்ட வேணா இருக்கும், அது பொறந்து வளந்த வழி எழுதினவன்கிட்ட மட்டும்தான் இருக்கும்.

ஆதாரம் எவ்வளவு பெரிய விஷயம்னு பாக்கணும்னா பொன்னியின் செல்வன் 2ல வந்த "வீரா ராஜ வீர" கேஸ பாருங்க. த்ருபத்ங்கிற ஹிந்துஸ்தானி பாணில பாடுற வாசிஃபுதீன் டாகர், இது எங்கப்பாவும் அவர் கூடப்பிறந்தவரும் போட்ட சிவ ஸ்துதின்னு ஏ.ஆர். ரஹ்மான் மேல டெல்லி ஹைகோர்ட்ல கேஸ் போட்டாரு. 2025 ஏப்ரல்ல தனி நீதிபதி அவர் பக்கம் இடைக்கால ஆர்டர் போட்டு, கிரெடிட்ல பேர் போடணும், 2 கோடி ரூபா கோர்ட்ல கட்டணும்னாரு. அதே வருஷம் செப்டம்பர்ல ரெண்டு நீதிபதி இருந்த டிவிஷன் பெஞ்ச் அந்த ஆர்டர ரத்து பண்ணிருச்சு. அவங்க அத பாடினாங்கங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு, அவங்கதான் அத உருவாக்கினாங்கன்னு அது மட்டும் காட்டாதுன்னு சொல்லி. சரி தப்பு பேச நான் வரல. தலைமுறை தலைமுறையா பாடின குடும்பத்துக்கே "போட்டது யாரு"ன்னு காட்டுறது இவ்ளோ கஷ்டம்னா நம்ம நிலமைய யோசிங்க.

அடுத்து ரெஜிஸ்ட்ரேஷன். டெல்லி துவாரகால இருக்குற காப்பிரைட் ஆபீஸுக்கு ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், ஃபார்ம் 14. வரிக்கு 500, மெட்டுக்கு 500, பதிவான ஆடியோவுக்கு 2,000. மூணும் தனித்தனி அப்ளிகேஷன், ஆக ஒரு பாட்டுக்கு முழுசா பண்ணா 3,000. பத்து பாட்டு ஆல்பம்னா 30,000, அது நம்மள மாதிரி ஆளுக்கு சின்ன காசு இல்ல. கட்டினதும் ஒரு டைரி நம்பர் வரும், யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 30 நாள் காத்திருக்கணும், அப்புறம்தான் பரிசீலனைக்கே எடுப்பாங்க, ஏதாவது குறை இருந்தா லெட்டர் வரும், பதில் போடணும், பொறுமை வேணும்.

இதோட பலம் என்னன்னா பிரிவு 48, அந்த ரெஜிஸ்டர்ல இருக்குறது முதல் பார்வைக்கு உண்மைன்னு கோர்ட் எடுத்துக்கும், இல்லன்னு காட்டுற சுமை எதிராளி தலைல விழும். ஸ்டேஷனுக்கு போனாலும் பால் கணக்கு நோட்ட காட்டுறதுக்கும் அரசாங்க முத்திரை வச்ச பேப்பர காட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். காப்பிரைட் மீறல் சாதா சிவில் தகராறு மட்டும் இல்ல, காப்பிரைட் சட்டத்தோட பிரிவு 63ல ஆறு மாசம் முதல் மூணு வருஷம் வரைக்கும் சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரைக்கும் ஃபைன் இருக்கு. இது போலீஸ் நேரடியா எடுக்கக்கூடிய, ஜாமீன உரிமையா கேக்க முடியாத, கோர்ட் பாத்துக் குடுத்தாதான் உண்டுங்கிற குற்றம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. பலவீனம் என்னன்னா அந்த ஆபீஸ் உங்க மெட்ட உக்காந்து கேட்டு ஏற்கனவே இருக்குற பாட்டோட ஒப்பிட்டுப் பாக்குறது இல்ல, யார் வேணா எத வேணா முதல்ல போய் ரெஜிஸ்டர் பண்ண முடியும், அதனாலதான் அது முடிவான ஆதாரம் இல்ல, உடைக்கக்கூடிய ஆதாரம். ரெஜிஸ்டர் பண்ணாதான் கேஸே போட முடியும்னு சிலர் பயமுறுத்துவாங்க, அது தப்பு. 2021ல பாம்பே ஹைகோர்ட் நீதிபதி கௌதம் படேல் இத நல்லா விளக்கி, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் இல்லன்னு தீர்ப்பு எழுதிருக்காரு. கேஸ் போடுறதுக்கும் டெல்லி பம்பாய்னு அலைய வேண்டாம், பிரிவு 62 படி நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம்.

என் அபிப்பிராயம், எழுதுற எல்லா பாட்டையும் ரெஜிஸ்டர் பண்ணாதீங்க. வெளில ஒரு கம்பெனிக்கோ டைரக்டருக்கோ போகப்போற பாட்டு, இல்ல ஓடும்னு உங்களுக்கே உள்ளுக்குள்ள தோணுற பாட்டு, அதுக்கு மட்டும் வரியும் மெட்டும், ஆக 1,000. வெறும் வரி மட்டும் எழுதுறவங்க கவிதைத் தொகுப்பு மாதிரி ஒரே புஸ்தகமா சேத்து ஒரே அப்ளிகேஷன்ல போடலாம்.

யூடியூப்ல நானே ஏத்துறேங்கிறதுக்கு வருவோம். இதுல நிஜமாவே ஒரு நன்மை இருக்கு, ஊரறிய ஒரு தேதி விழுது. 2008ல ராம் சம்பத்னு ஒரு இசையமைப்பாளர், தான் ஒரு மொபைல் கம்பெனி விளம்பரத்துக்கு போட்ட ட்யூன ஒரு ஹிந்தி படத்துல எடுத்துக்கிட்டாங்கன்னு பாம்பே ஹைகோர்ட் போனாரு, கோர்ட் அவர் பக்கம் நின்னுச்சு, கடைசில தயாரிப்பு தரப்பு 2 கோடி குடுத்து செட்டில் பண்ணாங்க. அவர் ட்யூன் ஏற்கனவே டிவில ஓடினது, எப்ப வந்ததுன்னு யாரும் சண்டை போட வழியில்ல. அந்த விதத்துல ரிலீஸ் பண்றதே ஒரு காவல்தான். ஆனா சும்மா ஏத்திட்டா மட்டும் கன்டென்ட் ஐடி, அதாவது உங்க பாட்ட வேற யாராவது ஏத்தினா தானா கண்டுபிடிக்கிற யூடியூப் வசதி, வேலை செய்யாது, அது டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாவோ லேபிள் வழியாவோதான் கிடைக்கும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி டிஸ்ட்ரிப்யூட்டருங்க குடுக்குற ஐஎஸ்ஆர்சி நம்பர காட்டி எங்கிட்ட காப்பிரைட் இருக்குன்னு சொல்றவங்கள பாத்துருக்கேன், அது அந்த ரெக்கார்டிங்க அடையாளம் காட்டுற நம்பர் மட்டும்தான், உரிமைப் பத்திரம் இல்ல. இன்னொரு ஆபத்தும் இருக்கு, நெட்ல வாடகைக்கு வாங்கின பீட் மேல பாடிட்டு கன்டென்ட் ஐடி போட்டீங்கன்னா, அதே பீட்ட வாங்கின இன்னொரு பையனோட பாட்டையும் அது புடிக்கும், அவன் பாட்டு உங்களையும் புடிக்கும், ரெண்டு பேர் காசும் நடுவுல நிக்கும்.

ஐபிஆர்எஸ் பத்தி நிறைய குழப்பம். அது காவல்காரன் இல்ல, வசூல்காரன். 1969ல ஆரம்பிச்ச சொசைட்டி, பாடலாசிரியர், இசையமைப்பாளர், பப்ளிஷர் மூணு பேரும் உள்ள இருக்காங்க, ரேடியோ, ஓட்டல், கச்சேரி, ஸ்ட்ரீமிங்னு பாட்டு ஓடுற இடத்துல ராயல்டி வசூல் பண்ணி பிரிச்சுக் குடுக்குறது அவங்க வேலை. இதுக்குப் பின்னாடி பெரிய வலி இருக்கு. 1977ல சுப்ரீம் கோர்ட், படத்துக்காக காசு குடுத்து எழுத வச்ச பாட்டுக்கு முதல் சொந்தக்காரர் தயாரிப்பாளர்தான்னு சொல்லிருச்சு, அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம் எழுதினவங்க ஒரு தடவை வாங்கின சம்பளத்தோட வீட்டுக்குப் போனாங்க. 2012 திருத்தம் வந்துதான் அது மாறுச்சு, ஹிந்தி பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதுக்கு ரொம்ப போராடினாரு. இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னா, பாட்டோட காப்பிரைட்டையே நீங்க எழுதிக் குடுத்துட்டாலும் ராயல்டில சரிபாதி வாங்குற உரிமைய எழுதிக் குடுக்க முடியாது, வாரிசுக்கோ காப்பிரைட் சொசைட்டிக்கோ தவிர. அப்படி எழுதி வாங்கின அக்ரிமென்ட் செல்லாது. படத்துப் பாட்டுன்னா தியேட்டர்ல படத்தோட ஓடுறதுக்கு மட்டும் இது கிடையாது, தனிப் பாட்டுக்கு அந்த விலக்கும் இல்ல. ரேடியோக்காரங்க நாங்க ஆடியோவுக்கு குடுத்துட்டோம், எழுதினவங்களுக்கு தனியா எதுக்குன்னு வாதாடிக்கிட்டே இருந்தாங்க, 2023ல பாம்பே ஹைகோர்ட் குடுத்துதான் ஆகணும்னு சொல்லிருச்சு.

ஆனா ராயல்டி தானா வீடு தேடி வராது. மெம்பர் ஆகணும், ஒவ்வொரு பாட்டையும் அவங்ககிட்ட யார் எழுதினது யார் போட்டதுன்னு பதியணும். மெம்பர் ஆகும்போது குறிப்பிட்ட உரிமைங்கள சொசைட்டி பேருக்கு எழுதிக் குடுக்குறீங்க, அதுக்கப்புறம் அந்த உரிமைய நீங்களா தனியா இன்னொருத்தருக்கு லைசன்ஸ் பண்றது சிக்கல், அந்தப் பத்திரத்த முழுசா படிச்சிட்டு கையெழுத்து போடுங்க. ஒரு பாட்டுகூட வெளில வராதவங்க அவசரப்பட வேண்டாம், ரிலீஸ் ஆகப்போகுதுன்னா கண்டிப்பா சேருங்க.

இப்ப அக்ரிமென்ட்டுக்கு வரேன். என் வாழ்க்கைல பாட்டு திருடு போனத ஒரு தடவை பாத்தேன், பாட்டு கையெழுத்துல போனத அம்பது தடவை பாத்துருக்கேன். மேல சொன்ன நோட்டு, மெயில், சர்டிஃபிகேட் எல்லாம் பட்டா மாதிரி. பட்டா உங்க பேர்ல இருக்கும்போதே கிரயப் பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டீங்கன்னா நிலம் போயிருச்சு. அக்ரிமென்ட்ல அசைன்மென்ட்னு இருந்தா அது கிரயம், லைசன்ஸ்னு இருந்தா அது வாடகை. இந்த ஒரு வார்த்தைய பாக்காம எத்தன பேரு! பாரதியோட பாட்டுங்கள இசைத்தட்டுல பதியுற உரிமை கைமாறி கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியார்கிட்ட வந்து நின்னுச்சு, 1949ல சென்னை மாகாண அரசு எடுத்துக்கிட்டதாலதான் அது ஊருக்குப் பொதுவாச்சு. நம்ம பாட்டுக்கு எந்த அரசாங்கமும் வரப்போறது இல்ல.

தம்பி அனுப்பின ஏழு பக்கத்துல நாலாவது பக்கத்துல ஒரு பாரா, உலகம் முழுக்க, காலம் முழுக்க, இப்ப இருக்குற இனிமே வரப்போற எல்லா மீடியத்துலயும்னு ஒரே வாக்கியத்துல பதினோரு வரி. ஒவ்வொண்ணுக்கும் சட்டத்துல ஒரு பதில் இருக்கு. எத்தன வருஷம்னு எழுதலன்னா அஞ்சு வருஷம்னு அர்த்தம், எந்த ஊருன்னு எழுதலன்னா இந்தியா மட்டும்னு அர்த்தம், வாங்கினவங்க ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா, வேற மாதிரி எழுதாத வரைக்கும், உரிமை திரும்பிடும், எல்லாம் பிரிவு 19. இன்னும் கண்டுபிடிக்காத மீடியத்துக்கு அத பேர் சொல்லிக் குறிப்பிடாம எழுதி வாங்க முடியாது, அது பிரிவு 18. அதனாலதான் கம்பெனிங்க எல்லாத்தையும் எழுதி வைக்கிறாங்க, எழுதாம விட்டா சட்டம் நம்ம பக்கம் சாயும்னு அவங்களுக்குத் தெரியும். கிரயமே பண்ணிக் குடுத்தாலும் பேர் போடச் சொல்ற உரிமையும், பாட்ட சிதைச்சு உங்க மதிப்பு கெடுற மாதிரி பண்ணா கேக்குற உரிமையும் பிரிவு 57ல உங்ககிட்டயே நிக்கும்.

இதெல்லாம் சொல்லி முடிக்கும்போது மணி பன்னெண்டரை. அவன் பட்ஜெட்டுக்கு நான் சொன்ன வரிசை இதுதான். ஒண்ணாவது, காசு செலவில்லாம நாளைக்கே ஃப்ரெண்டோட உக்காந்து ஒரு பக்கத்துல யாருக்கு எவ்வளவுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அப்புறம் எல்லா டெமோவையும் மெயில்ல அனுப்பி வை, வரிக்கும் மெட்டுக்கும் 1,000 கட்டி அப்ளை பண்ணு, டைரி நம்பர் வந்ததும் கம்பெனிக்கு பதில் போடு, மீதிக் காசுல ஒரு வக்கீல அந்த நாலாவது பக்கத்த மட்டும் படிக்கச் சொல்லு. ஆடியோவுக்கு 2,000 இப்ப வேண்டாம், அது யார்கிட்ட போகுதுன்னே இன்னும் முடிவாகல. ஐபிஆர்எஸ் ரிலீஸ் தேதி வந்ததும்.

ஃப்ரெண்டோட எழுதின பக்கத்த எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினான். வரி முழுக்க இவன், மெட்டு எம்பது இருபது, ஆடியோ பாதி பாதி, கீழ ரெண்டு கையெழுத்து, தேதி, மறக்காம மாசமும் வருஷமும். கம்பெனிகிட்ட மூணு கேட்டான். அசைன்மென்ட்ட லைசன்ஸா மாத்துங்க, காலம் முழுக்கங்கிறத எடுங்க, எழுத்தாளர் ராயல்டி என்னுதுன்னு தனியா ஒரு வரி போடுங்கன்னு. லைசன்ஸுக்கு ஒத்துக்கல. மத்த ரெண்டுக்கும் ஒத்துக்கிட்டாங்க, காலம் முழுக்கங்கிறது பத்து வருஷம் ஆச்சு, காசு அதே 25,000. போன வாரம் கையெழுத்து போட்டுட்டு போன் பண்ணான். "பாட்டு திரும்பி வரும்போது எனக்கு 34 வயசுண்ணே"ன்னான்.